கேமரா இருந்தும் வரைந்தார்கள்: பழைய பாரிஸ் ஃபேஷன் ஓவியங்களைப் பார்க்கும் முறை

நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் இதழ்களில் வந்த உடை ஓவியங்கள் இன்று சுவர்ப்படமாகவும் நாட்குறிப்பு அட்டையாகவும் கைபேசித் திரையாகவும் உலவுகின்றன. நீண்ட கழுத்து, தலைப்பாகையில் செருகிய இறகு, தோளிலிருந்து தரைவரை ஒரே வண்ணமாக விழும் மேலங்கி ஆகியவற்றைக் கொண்டு அவற்றை எவரும் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். ஆனால் அவற்றைப் பற்றிய பேச்சில் மூன்று தவறான கருத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தக் காலத்தில் கேமரா இல்லாததால் கையால் வரைந்தார்கள் என்பது ஒன்று. தையற்காரர் பார்த்துத் தைப்பதற்காக வடிவமைப்பாளர் போட்டுக்கொடுத்த மாதிரிப் படம் என்பது இன்னொன்று. மனித உடலின் அளவு தெரியாமல் கைகால்களை நீட்டி வரைந்துவிட்டார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஏன் தவறு என்று தெரிந்துகொள்ளும் வழியிலேயே இந்தக் கலையின் நுட்பமும் பிடிபட்டுவிடும்.

ஃபேஷன் ஓவியம் என்று இங்கே சொல்வது, உடுத்திய நிலையில் ஓர் உடையைப் பொதுமக்கள் காண்பதற்காக வரைந்து அச்சில் வெளியிட்ட படத்தை மட்டுமே. இந்தக் கலை பல நாடுகளில் பல காலங்களில் வளர்ந்தது என்றாலும், தொடக்க நிலை வாசகருக்கு ஒரே ஊரையும் ஒரே காலத்தையும் ஊன்றிப் பார்ப்பதுதான் பயன் தரும் என்பதால், 1908 முதல் 1925 வரையிலான பாரிஸையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன்.

தொலைபேசியில் ஒரு புடவையை விவரிப்பது

கடையில் பார்த்த புடவையைப் பற்றி ஒருவர் தம் அக்காவிடம் தொலைபேசியில் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முந்தானையின் நீளம் எத்தனை அங்குலம், உடலில் எத்தனை புட்டா என்றெல்லாம் அவர் கணக்குச் சொல்ல மாட்டார். “மயில் கழுத்து நிறம், கரை மட்டும் அரக்கு, கையில் எடுத்தால் நழுவுகிறது” என்பார். மூன்றே செய்திதான். ஆனாலும் அக்காவின் மனத்தில் அந்தப் புடவை விரிந்துவிடுகிறது. சொல்பவர் நூறு விவரங்களைக் கழித்துவிட்டு, எந்த மூன்றைச் சொன்னால் புடவை கண்முன் நிற்குமோ அந்த மூன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஃபேஷன் ஓவியரின் வேலையும் இந்தத் தேர்வுதான். புகைப்படக் கருவி தன் முன்னால் இருக்கும் அனைத்தையும், சுருக்கத்தையும் நிழலையும் பின்னாலிருக்கும் நாற்காலியையும், ஏறத்தாழ ஒரே அக்கறையோடு பதிவு செய்கிறது. ஓவியர் ஒரு தோள்பட்டையின் சரிவை மட்டும் வரைந்து, மீதியை வெறும் தாளாக விட்டுவிட முடியும். அப்படி விட்ட இடத்தையும் பார்வையாளரின் கண் துணியாகவே படித்துக்கொள்கிறது. எனவே பழைய ஃபேஷன் ஓவியம் ஒன்றின் முன் நிற்கும்போது, எது வரையப்பட்டிருக்கிறது என்பதோடு எது வரையப்படவில்லை என்பதையும் சேர்த்தே தேட வேண்டும்.

அதற்கு முன்: தகவல் தந்த படங்கள்

19-ஆம் நூற்றாண்டின் ஃபேஷன் படங்கள் இப்படி எதையும் கழிக்கவில்லை. அவை ஃபேஷன் பிளேட் எனப்பட்டன. அதாவது, இதழோடு தனித்தாளாகச் சேர்த்துத் தரப்பட்ட, புதிய உடைகளைக் காட்டும் அச்சுப்படம். உலோகத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி, மையிட்டு அச்சிட்டு, பிறகு பெண் தொழிலாளர்கள் ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1830-இல் தொடங்கிய கோடீஸ் லேடீஸ் புக் என்ற மாத இதழ் 1860 வாக்கில் ஏறத்தாழ 1,50,000 சந்தாதாரர்களைக் கொண்டிருந்தது. அத்தனை தாள்களிலும் வண்ணம் தூரிகையால் ஏறியது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த உழைப்பின் அளவு புரியும்.

இந்தப் படங்களில் வழக்கமாக இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். ஒருத்தி முன்பக்கம் காட்டி நிற்பாள், இன்னொருத்தி முதுகைக் காட்டி நிற்பாள். இது தோழிகளின் உரையாடலைப் படம்பிடிக்கும் ஆசையால் வந்த அமைப்பன்று. உடையின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று தையற்காரருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு சரிகைப் பட்டையும் ஒவ்வொரு கொசுவமும் எண்ணிக்கை தவறாமல் வரையப்பட்டது. தைப்பதற்கான படம் என்று இன்று பலர் சொல்வது இந்தத் தலைமுறைப் படங்களுக்கு ஓரளவு பொருந்தும். நாம் பார்க்கப்போகும் பாரிஸ் ஓவியங்களுக்குப் பொருந்தாது.

1908: தெரிந்தே எடுத்த முடிவு

20-ஆம் நூற்றாண்டு பிறந்தபோது புகைப்படத்தை இதழில் அச்சிடும் நுட்பம் கைக்கு வந்துவிட்டது. 1901-இல் பாரிஸில் தொடங்கிய லே மோத் என்ற இதழ் புகைப்படங்களாலேயே நிரம்பியிருந்தது. உடையின் விவரம் வேண்டுமென்றால் புகைப்படம் அதைத் தந்தது. தைக்க வேண்டுமென்றால் அளவுக்கு வெட்டித் தைக்கும் காகித மாதிரிகள் 1860-களிலிருந்தே கடைகளில் கிடைத்தன. தகவல் தரும் வேலை இப்படி ஓவியத்தின் கையைவிட்டுப் போன பிறகுதான் போல் புவாரே என்ற உடை வடிவமைப்பாளர் 1908-இல் போல் இரீப் என்ற இளம் ஓவியரிடம் தம் உடைகளை வரையச் சொன்னார். பத்து ஓவியங்கள் கொண்ட அந்தத் தொகுப்பில் 250 படிகள்தான் அச்சிடப்பட்டன.

புவாரே ஏன் புகைப்படக்காரரிடம் போகவில்லை? விடை அவருடைய உடைகளிலேயே இருக்கிறது. அதுவரை பாரிஸ் பெண்களின் உடை, உடலை இறுக்கி எஸ் என்ற ஆங்கில எழுத்தைப் போல வளைக்கும் கச்சின் மேல் கட்டப்பட்டிருந்தது. புவாரே அந்தக் கச்சை விலக்கி, மார்புக்குச் சற்றுக் கீழே இடுப்பை வைத்து, அங்கிருந்து துணியை நேராகக் கீழே விழவிட்டார். வெளிறிய இளஞ்சிவப்பும் ஊதாவும் கோலோச்சிய இடத்தில் அடர் சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் கொண்டுவந்தார். அன்றைய இதழ்ப் புகைப்படம் கறுப்பு வெள்ளை. அந்தச் சிவப்பை அது சாம்பலாகத்தான் காட்டியிருக்கும். நேராக விழும் அந்தத் துணி அதில் சாதாரணப் பையைப் போலத் தெரிந்திருக்கும்.

இரீப் செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அவருடைய ஓவியங்களில் அறை இருக்கிறது, மேசை இருக்கிறது, சுவரில் மாட்டிய படமும் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் மெல்லிய கறுப்புக் கோட்டிலும் சாம்பல் நிறத்திலும் ஒதுங்கி நிற்கின்றன. உடைக்கு மட்டுமே வண்ணம். அந்த வண்ணத்தில் ஒளி நிழல் காட்டும் ஏற்ற இறக்கமும் பெரும்பாலும் கிடையாது. ஒரு மஞ்சள் அங்கி என்றால் ஒரே தட்டையான மஞ்சள் பரப்பு, அதைச் சுற்றி ஒரு கோடு, உள்ளே மடிப்பைச் சொல்லும் இரண்டொரு கோடுகள். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்படங்களை அன்றைய பாரிஸ் ஓவியர்கள் விரும்பிப் பார்த்து வந்தார்கள். தட்டையான வண்ணம், தெளிவான விளிம்புக்கோடு, நடுவைவிட்டு ஓரத்தில் நிற்கும் உருவம் என்ற பாடங்கள் அங்கிருந்து வந்தவை. தட்டையாக வெட்டிய உடைக்குத் தட்டையான ஓவியம் கச்சிதமாகப் பொருந்தியது. இந்த ஓவிய மொழி கிடைத்திராவிட்டால் புவாரேயின் உடைகள் அவ்வளவு விரைவில் கண்களுக்குப் பழகியிருக்காது என்பது என் கணிப்பு.

1911-இல் ஜோர்ஜ் லெபாப் என்ற ஓவியரைக் கொண்டு புவாரே இரண்டாவது தொகுப்பை வெளியிட்டார். இந்த முறை 1,000 படிகள். அதே ஆண்டு ஒரு கலை இதழுக்காக எட்வர்ட் ஸ்டைகன் புவாரேயின் உடைகளைப் புகைப்படமாகவும் எடுத்தார். நவீன ஃபேஷன் புகைப்படத்தின் தொடக்கம் என்று அந்தப் படங்களையே பலர் குறிப்பிடுகிறார்கள். ஓவியத்தையும் புகைப்படத்தையும் ஒரே ஆண்டில் ஒரே வடிவமைப்பாளர் கையாண்டார் என்ற இந்த ஒரு செய்தி போதும், கேமரா இல்லாததால் வரைந்தார்கள் என்ற கருத்தைக் கைவிடுவதற்கு.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டின் படம் உடையைப் பற்றிய தகவலைத் தந்தது. அந்த வேலையைப் புகைப்படமும் காகித மாதிரியும் எடுத்துக்கொண்ட பிறகு, உடை எழுப்பும் உணர்வைக் காட்டும் வேலையை ஓவியம் ஏற்றுக்கொண்டது. அதற்காக அது விவரங்களைக் கழித்தது.

வண்ணம் ஏறிய விதம்

இந்த ஓவியங்களின் சிறப்பு வரைந்த கையோடு முடிவதில்லை. அச்சிட்ட முறையிலும் அது இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான்.

வாசலில் போடும் கோலத் தட்டு நமக்குத் தெரியும். துளையிட்ட தட்டைத் தரையில் வைத்து மாவைத் தூவித் தட்டை எடுத்தால் கோலம் நிற்கும். தகரத்தில் எழுத்தின் வடிவை வெட்டி, மூட்டையின் மேல் வைத்து, மையைத் தடவி ஊர்ப்பெயர் எழுதுவதும் இதே முறைதான். வெட்டிய இடத்தில் மட்டும் வண்ணம் இறங்கும், மற்ற இடத்தைத் தகடு மறைத்துக்கொள்ளும். இப்படி வெட்டிய தகட்டைப் பிரெஞ்சுக்காரர்கள் பொஷ்வார் என்கிறார்கள். ஓவியத்தின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனித் தகடு வெட்டி, அதன் வழியே கையால் தூரிகை கொண்டு வண்ணம் ஏற்றும் முறைக்கும் அதுவே பெயர்.

வேலை நடந்த வரிசை இது. ஓவியர் மூல ஓவியத்தைத் தீட்டித் தருவார். அதன் கறுப்புக் கோடுகள் மட்டும் முதலில் தாளில் அச்சாகும். பிறகு தகடு வெட்டுபவர் மூலத்தை எதிரில் வைத்துக்கொண்டு, எத்தனை வண்ணங்களாக இதைப் பிரிப்பது, எது முதலில் ஏறினால் அடுத்தது அதன் மேல் சரியாக உட்காரும் என்று முடிவு செய்வார். மெல்லிய துத்தநாகம் அல்லது செம்புத் தகட்டில் அந்தந்த வண்ணத்தின் வடிவங்களை மட்டும் கத்தியால் வெட்டி எடுப்பார். எளிய படத்துக்குச் சில தகடுகள் போதும். நுணுக்கமான படத்துக்கு 20, 30 கூட வேண்டியிருந்தது. அடுத்து வண்ணம் ஏற்றுபவர்கள், பெரும்பாலும் பெண்கள், குட்டையான வட்டத் தூரிகையால் தகட்டின் வழியே வண்ணத்தைத் தட்டியும் சுழற்றியும் இறக்குவார்கள். ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்த தகடு. முந்நூறு தாள் என்றால் முந்நூறு முறை சிவப்பு, பிறகு முந்நூறு முறை பச்சை.

அவர்கள் பயன்படுத்தியது நீர்வண்ணமும் குவாஷும். குவாஷ் என்பது நீரில் கரைத்தாலும் அடியிலுள்ள தாளை மறைத்துவிடும் கெட்டியான வண்ணம். சாதாரண அச்சு மை தாளுக்குள் ஊறிப் போகும். குவாஷ் தாளின் மேல் ஒரு மெல்லிய தோலாகப் படிகிறது. மூலத்தாள் ஒன்றைச் சன்னலோரத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால், கறுப்பு மேலங்கியின் பரப்பு வெல்வெட்டைப் போல ஒளியை விழுங்குவதையும், பக்கத்தில் பொன் வண்ணத்தில் தொட்ட சரிகை மினுங்குவதையும் காணலாம். தூரிகை தகட்டின் விளிம்பில் முட்டும் இடத்தில் வண்ணம் சற்றே ஒதுங்கிக் காய்வதால், ஒவ்வொரு வண்ணப் பரப்பின் ஓரத்திலும் மயிரிழை போன்ற அடர்ந்த வரம்பு ஒன்று நிற்கும். சில இடங்களில் கறுப்புக் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே தாளின் வெள்ளை எட்டிப் பார்க்கும்; தகடு அந்தத் தாளில் இம்மியளவு நகர்ந்திருக்கிறது என்று பொருள். பிழையென்று எண்ணத் தோன்றும் அந்த வெள்ளைக் கீற்றை நான் பெரிதும் மதிக்கிறேன். பெயர் எங்கும் பதிவாகாத ஒரு பெண்ணின் கை அந்தத் தாளைக் கடந்து சென்றதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே சான்று அதுதான்.

இந்த முறையில் வெளிவந்தவற்றுள் புகழ்பெற்றது காஸெட் து போன் தோன் என்ற இதழ். லூசியன் வோகெல் அதை 1912 நவம்பரில் தொடங்கினார். ஆண்டுச் சந்தா 100 பிராங்க். செல்வர்களுக்கு மட்டுமே எட்டிய விலை. புவாரே, வொர்த், பக்கான், தூசே உள்ளிட்ட ஏழு உடை நிறுவனங்கள் அதற்குத் துணை நின்றன. ஓர் இதழில் பத்து வண்ணத் தாள்கள்வரை வந்தன. அவற்றில் ஏழு அந்த நிறுவனங்களின் உடைகளைக் காட்டின. மூன்றில் ஓவியர்கள் தாங்களே கற்பனை செய்த உடைகளை வரைந்துகொள்ளலாம். யாரும் தைத்திராத, எங்கும் விற்காத உடைகளும் ஒரு ஃபேஷன் இதழில் இடம்பெற்றன என்றால், ஓவியருக்கு அங்கே எத்தகைய மதிப்பு இருந்தது என்பது விளங்கும். முதல் உலகப்போர் அந்த இதழை இடையில் நிறுத்தியது. போருக்குப் பின் மீண்டும் வந்து, 1925-இல் அது நின்றுபோனது.

அந்தத் தாள்களின் தலைப்புகளும் கவனிக்கத் தக்கவை. புவாரேயின் நாடக அரங்க மேலங்கி ஒன்றை லெபாப் வரைந்த தாளுக்கு, “நான் முன்னதாகவே வந்துவிட்டேனோ?” என்று தலைப்பு. இன்னொரு மாலை உடைக்கு, “இவற்றுள் எது?” என்று தலைப்பு. உடையின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் அதற்குக் கீழே சிறிய எழுத்தில்தான் வரும். வாசகருக்கு முதலில் ஒரு பெண்ணின் தயக்கம் தரப்படுகிறது, பிறகுதான் துணி.

சுருக்கமாக: கோடு மட்டும் அச்சு, வண்ணம் முழுவதும் கை. எனவே ஒரே படத்தின் இரண்டு படிகளும் முற்றிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஓவியர், தகடு வெட்டுபவர், வண்ணம் ஏற்றுபவர் என்று குறைந்தது மூவரின் தீர்ப்பு ஒவ்வொரு தாளிலும் சேர்ந்திருக்கிறது.

நீண்ட உடல் ஏன்?

உடலின் உயரத்தைத் தலையின் உயரத்தால் அளப்பது ஓவியர்களின் பழைய வழக்கம். சராசரி மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் இருப்பார். ஃபேஷன் ஓவியத்தின் பெண் ஒன்பது தலை, சில நேரங்களில் பத்துத் தலை உயரமும் இருப்பாள். கூடுதல் நீளம் பெரும்பாலும் கால்களுக்கே போகிறது. துணி விழுவதைக் காட்ட இடம் வேண்டும் என்பதே காரணம். உயரமான சுவரிலிருந்து தொங்கும் திரைச்சீலையில் மடிப்பின் ஓட்டம் தெளிவாகத் தெரிவதையும், சிறிய சன்னல் திரையில் அது தெரியாததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இது விளங்கும். காஸெட் இதழுக்கு வரைந்த ஜோர்ஜ் பார்பியே என்பவரின் ஓவியங்களில் விரல் நுனிவரை உடலமைப்பு துல்லியமாக இருக்கும். அவருக்கு அளவு தெரியாது என்று சொல்லவே முடியாது. தெரிந்துதான் நீட்டினார்.

அந்த நீளத்தைப் பெண்ணின் உடலுக்கான அளவுகோலாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது துணிக்கான அளவுகோல்.

ஓவியம் மறைத்தவை

கழிப்பது கலை என்றால், கழிக்கப்பட்டதில் உண்மையும் சேர்ந்து போயிருக்கலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1910-ஐ ஒட்டி புவாரே புகழ்பெறச் செய்த பாவாடைகளில் ஒன்று கணுக்காலருகே மிகவும் குறுகியது. அதை அணிந்தவர் முழு அடி எடுத்து வைக்க முடியாது. அக்கால ஓவியங்களிலோ பெண்கள் தண்ணீரின் மேல் மிதப்பது போல நகர்கிறார்கள். இடுப்பை விடுவித்தவரே காலைக் கட்டினார் என்பதைக் கோட்டின் அழகு நமக்குச் சொல்வதில்லை.

தலைப்பாகைக்கும் இப்படியொரு கதை உண்டு. லண்டனின் தெற்கு கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் இந்தியத் தலைப்பாகைகளைக் கண்டு வியந்து, அவற்றைப் பார்த்துக் கற்க தம் பணிமனைப் பெண் ஒருவரை அங்கே அனுப்பியதாகப் புவாரேயே எழுதியிருக்கிறார். ஆக, அந்த ஓவியங்களில் இறகு செருகிய தலைப்பாகைகள் கண்ணாடிப் பேழைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டவை. அவற்றைக் கட்டிய மனிதர்கள் அந்த ஓவியங்களில் இல்லை. இந்திய வாசகர் இந்தப் படங்களின் அழகை ரசிக்கும்போதே அதில் வரும் “கிழக்கு” பாரிஸ் கற்பித்த கிழக்கு என்று அறிந்திருப்பது நல்லது. இதில் ஒரு திருப்பமும் உண்டு. காஸெட் இதழின் ஓவியர்களுள் ஒருவரான பெர்னார் புத்தே த மோன்வெல் பின்னாளில் இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கரை மேற்கத்திய மாலை உடையில் வரைந்தார். சில ஆண்டுகள் கழித்து மராட்டிய உடையிலும் வரைந்தார்.

பொஷ்வாருக்குப் பின்

அவ்வளவு கையுழைப்பு நெடுங்காலம் தாங்கவில்லை. 1930-களில் பொஷ்வார் அரிதாகிவிட்டது. 1932 ஜூலையில் வோக் என்ற ஃபேஷன் இதழ் ஸ்டைகனின் வண்ணப் புகைப்படத்தை அட்டையில் போட்டது. வண்ணமும் புகைப்படத்தின் கைக்குப் போன பிறகு ஓவியருக்கு மிஞ்சியது கோடு ஒன்றுதான். எரிக் என்ற பெயரில் வரைந்த கார்ல் எரிக்சன் உயிருள்ள மாதிரியை எதிரில் நிறுத்தி, சில விரைந்த கோடுகளில் ஒரு தொப்பியின் சாய்வைப் பிடித்தார். ரெனே கிருவோ இன்னும் துணிந்து போனார். மிஸ் தியோர் என்ற நறுமணத் திரவியத்துக்காக 1949-இல் அவர் வரைந்த விளம்பரத்தில் முகமும் இல்லை, உடையும் இல்லை. சிறுத்தையின் பாதத்தின் மேல் வைத்த ஒரு பெண்ணின் கை மட்டுமே. இரீப் அறையின் வண்ணத்தைக் கழித்தார், கிருவோ பெண்ணையே கழித்துவிட்டார்.

பார்க்கத் தொடங்குவது

மூலத்தாள் கைக்குக் கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகம் தன் சேகரிப்பிலுள்ள ஃபேஷன் படங்களை உயர்ந்த தெளிவில் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காஸெட் இதழின் தாள்களும் அவற்றில் உண்டு. ஒரு தாளைத் திறந்ததும் முகத்தைப் பார்க்காமல், வண்ணம் முடியும் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்த அடர்ந்த வரம்பு தெரிகிறதா, தூரிகை சுழன்ற தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு மறுபதிப்புச் சுவர்ப்படத்தின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வையுங்கள். அங்கே சிவப்பு மேலங்கி சின்னஞ்சிறு புள்ளிகளாக உடைந்துவிடும், ஏனென்றால் இன்றைய அச்சு நான்கு மைகளின் புள்ளிகளைக் கலந்தே எல்லா நிறத்தையும் உண்டாக்குகிறது. பொஷ்வார் தாளில் எவ்வளவு நெருங்கினாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். கூடவே, தூரிகையிலிருந்து உதிர்ந்த ஒரு மயிர் அந்த வண்ணத்துக்குள் ஒட்டிக் காய்ந்து கிடப்பதும் சில தாள்களில் கண்ணில் படும்.